பின்சிதறல் தொடர்பு

ஒரு கருவி தானாக வானொலி அலையை உண்டாக்காமல், தன்மீது வந்து விழும் அலையையே திருப்பி அனுப்பிச் செய்தி சொல்லும் முறை. பேட்டரியே இல்லாத உணரிகளுக்கு இதுதான் வழி திறந்தது. சாதாரண வைஃபை கருவியில் அலையை உண்டாக்கிப் பெருக்கி அனுப்புவதற்கே மின்சாரம் பெருமளவு செலவாகிறது. பின்சிதறலில் அந்தச் செலவு கிடையாது. ஆன்டெனாவோடு இணைந்த டிரான்சிஸ்டர் திறந்து மூட, அலை ஒரு கணம் திரும்புகிறது, மறுகணம் உள்வாங்கப்படுகிறது. கையிலுள்ள கண்ணாடியைச் சாய்த்து வெயிலை அடித்துத் தூரத்தில் இருப்பவருக்குச் சைகை காட்டுவது போலத்தான்.

இதன் தொடக்கம் உளவு வேலையில். 1945 ஆகஸ்டில் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர் அவெரெல் ஹாரிமனுக்கு, மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரை ஒன்றைச் சோவியத் சிறுவர்கள் பரிசளித்தனர். அதற்குள் இருந்தது லியோன் தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி. பேட்டரி, மின்கம்பி எதுவும் அதில் இல்லை. வெளியிலிருந்து வானொலி அலையைப் பாய்ச்சும்போது, அறையில் எழும் பேச்சுக்கு ஏற்ப ஒரு மெல்லிய சவ்வு அதிரும். திரும்பும் அலையில் அந்தப் பேச்சு பதிந்திருக்கும். 1952-ல் அகப்படும்வரை அது தூதரின் இல்லத்திலேயே தொங்கியது.

1948-ல் ஹாரி ஸ்டாக்மன், எதிரொளித்த ஆற்றலால் தொடர்புகொள்வது பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1975-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் இம்முறையில் இயங்கும் அடையாள வில்லைகளை விவரித்தனர். ஆனால் வில்லையைப் படிக்க, அதற்கென்றே வலுவான அலையை உமிழும் கருவி அருகில் இருந்தாக வேண்டும்.

அந்தக் கட்டு 2013-ல் அவிழ்ந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷ்யாம்நாத் கொல்லகோட்டா, ஜோஷுவா ஸ்மித் உள்ளிட்ட குழுவினர், ஊரெங்கும் பரவியிருக்கும் தொலைக்காட்சி அலைகளையே மின்சாரத்துக்கும் செய்திக்கும் பயன்படுத்தினர். வேகம் நொடிக்கு 1 கிலோபிட். தூரம் இரண்டரை அடி. எண்கள் சிறியவை. ஆயினும் பேட்டரி இல்லாத இரு கருவிகள், தமக்கென ஓர் அலைமூலம் இல்லாமலே ஒன்றோடொன்று பேசின என்பதுதான் இத்துறையின் பெரிய திருப்பம்.

பிறகு முன்னேற்றம் விரைந்தது. 2016-ல் அதே பல்கலைக்கழகத்தார், சாதாரண வைஃபை கருவிகளே படிக்கக்கூடிய சமிக்ஞையை, வழக்கமான மின்செலவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் உண்டாக்கினர். 2017-ல் சுமார் 3.5 மைக்ரோவாட்டில் பேட்டரியில்லாத் தொலைபேசி பேசியது. அதே ஆண்டு, நெடுந்தூரத் தொடர்புக்கான லோரா முறையில், அலைமூலத்தின் பக்கத்தில் வைத்த கருவியின் செய்தி 2.8 கிலோமீட்டர் எட்டியது.

குறை ஒன்று நீங்கவில்லை: சுற்றிலும் அலை இல்லாத இடத்தில் இக்கருவி ஊமை. இருந்தும் இம்முறை ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. செல்பேசி வலையமைப்புகளுக்குத் தரம் வகுக்கும் 3ஜிபிபி, சுற்றுப்புற ஆற்றலில் இயங்கும் இத்தகைய கருவிகளைத் தன் 19-ஆம் வெளியீட்டுப் பணிகளில் சேர்த்துள்ளது.