போஸ்ட் ஆபீஸ் ஜங்ஷன்

உங்கள் மகனோ மகளோ அமெரிக்காவில், வாஷிங்டன் பக்கம் வேலை பார்க்கிறார்களா? அப்படியானால் நீங்கள் அங்கே போயிருக்கும் சமயத்தில், ஒரு சனிக்கிழமை அதிகாலை உங்களை எழுப்பி, ‘வாங்கப்பா, ஒரு மலைக்குப் போய்ட்டு வரலாம்’ என்று கூப்பிட வாய்ப்பு உண்டு. மலையின் பெயர் ஓல்ட் ராக். வர்ஜீனியா மாநிலத்தில், ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. காரில் சுமார் இரண்டு மணி நேரம்.

உடனே தலையாட்டிவிடாதீர்கள்! இது கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வருகிற சமாசாரம் இல்லை. ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, காட்டுக்குள்ளேயே சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வட்டப்பாதை. சுமார் 15 கிலோமீட்டர். 700 மீட்டருக்கு மேல் ஏற்றம். ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே, திட்டம் முக்கியம். மார்ச் முதல் நவம்பர் வரை போவதாக இருந்தால் முன்கூட்டியே டிக்கெட் வாங்க வேண்டும். கூட்டம் தாங்காமல் 2022ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. பிடிமானமுள்ள ஷூ அவசியம். மேலே குடிதண்ணீர் கிடைக்காது, தாராளமாகச் சுமந்து போங்கள். உச்சிக்குக் கீழே ஒரு நீண்ட தூரம் பாதையே கிடையாது. வீடு வீடாக உருண்டு கிடக்கும் கிரானைட் பாறைகள்தான். கையை ஊன்றி, முழங்காலை ஊன்றி, இடுக்கில் உடம்பை நுழைத்து ஏற வேண்டும். மழை பெய்தால் பாறை வழுக்கும், அன்றைக்குப் போகாமல் இருப்பது உத்தமம். ‘அதோ உச்சி’ என்று சந்தோஷப்படுவீர்கள். அங்கே போனால் அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கும்!

எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா? இன்னும் ஒன்று பாக்கி. கூடுதலாக ஒரு அரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அது மலை உச்சிக்கு அல்ல. இறங்கிய பிறகு, எல்லோரும் களைத்துப்போய், விறுவிறுவென்று நடந்து தாண்டிவிடும் ஒரு இடத்துக்கு.

உச்சியிலிருந்து மறுபக்கம் இறங்கினால், மலையடிவாரத்தில் அகலமான மண்பாதை ஒன்று வரும். பாதைகள் சந்திக்கும் அந்த முனைக்குப் பெயர், போஸ்ட் ஆபீஸ் ஜங்ஷன். சுற்றிலும் பாருங்கள். மரம், மரம், மரம். இந்தக் காட்டில் யாருக்கு யார் கடிதம் போட்டார்கள்?

நீங்கள் நிற்பது ஒரு ஊரின் நடுவே! ஓல்ட் ராக் என்றே அந்த ஊருக்கும் பெயர். போஸ்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம், சர்ச் எல்லாம் இருந்தன. 1930களின் நடுவில்தான் ஊர் காலியானது. தானாகக் காலியாகவில்லை. காலி செய்யப்பட்டது.

கதை 1920களில் தொடங்குகிறது. அமெரிக்காவின் பிரபலமான தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் மேற்கே இருந்தன. கிழக்கு நகரங்களின் மக்கள் காரில் போய் வர ஒரு பூங்கா வேண்டாமா? வர்ஜீனியா பிரமுகர்கள் ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரைக் காட்டினார்கள். 1926ல் அமெரிக்க நாடாளுமன்றம் சரி என்றது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. நிலம் வாங்க மத்திய அரசு சல்லிக்காசு தராது. மாநிலமே வாங்கி, இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

மேற்கே பூங்காக்களுக்கு ஒதுக்கியவை பெரும்பாலும் அரசாங்க நிலங்கள். இங்கேயோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் துண்டு நிலங்கள். ‘ஒரு ஏக்கர் வாங்கிக் கொடுங்கள், 6 டாலர்தான்’ என்று பொதுமக்களிடம் வசூல் செய்து பார்த்தார்கள். போதவில்லை. ஒவ்வொருவரிடமும் பேரம் பேசி எப்போது முடிப்பது? 1928ல் ஒரு சட்டம் போட்டார்கள். மொத்த நிலத்தையும் ஒரே வீச்சில் கையகப்படுத்தலாம். அப்போது ஆளுநர், ஹாரி பேர்ட்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் நஷ்டஈட்டுக் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த மலை மக்களுக்குக் கைகொடுத்தது செஸ்ட்நட் மரம். கொட்டையை விற்றார்கள், பட்டையைத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு விற்றார்கள், பன்றிகள் அதைத் தின்றே வளர்ந்தன. வெளியிலிருந்து வந்த ஒரு பூஞ்சை நோயில் அந்த மரங்கள் கூண்டோடு அழிந்தன. பிறகு 1929ன் பொருளாதார வீழ்ச்சி. நிலத்துக்கு விலை அடிமாட்டு விலையாக இருந்த நேரத்தில்தான் மதிப்பீடு நடந்தது. அதுவும் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு. தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதவர்களுக்கு? பூஜ்யம்!

பணத்தை வாங்கிக்கொண்டாலும் வீட்டில் இருந்துவிடலாம் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். 1934ல் அந்த நினைப்பும் போனது. மனிதர்கள் குடியிருக்கும் நிலத்தைப் பூங்காவாக ஏற்க மாட்டோம் என்றது மத்திய அரசு. சுமார் 500 குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

ராபர்ட் வயா என்ற விவசாயி வழக்குப் போட்டார். 1935ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். அதே வருடம் மெலாங்க்தன் கிளைசர் என்பவர் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று நின்றார். போலீஸ் வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்க தேசிய கீதத்தைப் பாடினார்! சட்டப்படி அது தேசிய கீதமாகி அப்போது நாலு வருடம்தான் ஆகியிருந்தது. கைவிலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள்.

இத்தனைக்கும் ஊர் உலகத்தில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. ஏன்? 1933ல் ‘ஹாலோ ஃபோக்’ என்று ஒரு புத்தகம் வந்தது. ஒரு மனோதத்துவ நிபுணரும் பத்திரிகையாளரும் சேர்ந்து எழுதியது. மலை இடுக்குகளில் வாழும் இவர்கள் வெளியுலகமே தெரியாத பின்தங்கிய கூட்டம் என்று சித்திரித்தது. அப்படியென்றால் வெளியேற்றுவது அவர்களுக்குச் செய்யும் உபகாரம்தானே! (நம்மூர் அணைக்கட்டுகளுக்காக ஊர்கள் காலியானபோதும் இதே ராகத்தைக் கேட்டிருப்பீர்கள்.)

1990களில் தொல்லியல் ஆய்வாளர் ஆட்ரி ஹார்னிங் ஓல்ட் ராக் அடிவாரத்துப் பள்ளத்தாக்குகளில் அந்த வீடுகளின் தடயங்களை ஆராய்ந்தார். என்ன கிடைத்தது? கிராமபோன் இசைத்தட்டுத் துண்டுகள், கம்பெனி மருந்து பாட்டில்கள், குழந்தைகளின் பொம்மைகள், கார் உதிரி பாகங்கள். வெளியுலகமே தெரியாத கூட்டமாம்!

1935 டிசம்பரில் பூங்கா பிறந்தது. 1936 ஜூலை 3 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். காலியான வீடுகளில் பலவற்றை இடித்தார்கள், சிலவற்றைக் கொளுத்தினார்கள். வயதான சிலரை மட்டும் ஆயுள் உள்ளவரை இருந்துகொள்ள அனுமதித்தார்கள். அப்படித் தங்கியவர்களில் கடைசிப் பெண்மணி, ஆனி ஷெங்க், 1979ல் 92 வயதில் காலமானார். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1976ல், பூங்காவின் சுமார் 40 சதவிகிதத்தை மனிதச் சுவடு மேலோங்காத ‘வனாந்தரம்’ என்று சட்டப்படி அறிவித்துவிட்டார்கள்.

பூங்கா வந்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. மேய்ச்சல் நிலமாகவும் சோளக்கொல்லையாகவும் இருந்த சரிவுகளில் இன்று கரடி நடமாடுகிறது. கோடிக்கணக்கானவர்கள் வந்து மூச்சு வாங்கிப் போயிருக்கிறார்கள். லாபம் நிஜம். ஆனால் விலையைக் கொடுத்தவர்கள் பெயர் ரசீதில் இல்லை. ஓல்ட் ராக் உச்சியிலிருந்து இறங்கும் வழியில் ஒரு கல் மண்டபம் வரும், உட்கார்ந்து சாப்பிட வசதியான இடம். அதன் பெயர் ‘பேர்ட்ஸ் நெஸ்ட்’. ஆம், அதே ஹாரி பேர்டின் பெயர்தான்!

வெளியேறியவர்களின் வாரிசுகள் பின்னாளில் ஒன்று செய்தார்கள். பூங்காவைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் கல்லால் புகைபோக்கிகளைக் கட்டி, இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெயர்களைப் பொறித்து வைத்தார்கள். வீடு இல்லை, புகைபோக்கி மட்டும். காட்டுக்குள் பல இடங்களில் மிஞ்சியிருப்பதும் அதுதானே.

ஆகவே, அந்த அரை மணி நேரம். போஸ்ட் ஆபீஸ் ஜங்ஷனில் இருந்து கார் நிறுத்திய இடம் வரை மண்பாதை சமதளம் மாதிரிதான், கால் வலிக்காது. மெதுவாக நடங்கள். இருபுறமும் கவனித்துப் பாருங்கள், கல் அடுக்கிய சுவர் எங்காவது தென்படலாம். எதையும் எடுத்துவந்துவிடாதீர்கள், சட்டப்படி குற்றம்.

கூட வரும் பேரனோ பேத்தியோ, ‘தாத்தா, காட்டுக்குள்ள எதுக்கு போஸ்ட் ஆபீஸ்?’ என்று நிச்சயம் கேட்கும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.