பாலத்துக்கு அந்தப் பக்கம்

மெக்சிகோவின் ஹுவாரெஸும் அமெரிக்காவின் எல் பாசோவும் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். நடுவில் ரியோ கிராண்டே. ஆறு என்று பெயர்தான், ஊருக்குள் கான்கிரீட் கட்டிய வாய்க்கால் மாதிரி இருக்கும். பாலத்தில் நடந்தே அக்கரை போய்விடலாம். 2010இல் ஹுவாரெஸில் கொலையானவர்கள் 3,000க்கும் மேல். அதே ஆண்டு எல் பாசோவில் 5 பேர்.

'அந்த ஜனங்களே அப்படித்தான்' என்ற வழக்கமான பேச்சு இங்கே எடுபடாது. எல் பாசோவாசிகளில் பத்துக்கு எட்டுப் பேர் ஸ்பானிய மொழி பேசும் பரம்பரையில் வந்தவர்கள். சித்தி அக்கரையில், மருமகன் இக்கரையில் என்றுதான் பல குடும்பங்கள் இருக்கின்றன.

2008 முதல் ஹுவாரெஸில் போதைப்பொருள் கடத்தல் வழிக்காக சினலோவா கும்பலும் ஹுவாரெஸ் கும்பலும் மோதின. ராணுவத்தை இறக்கியும் கொலைகள் கூடிக்கொண்டேதான் போயின. சரக்கு போய்ச் சேரும் சந்தை வடக்கே. துப்பாக்கியோ பெரும்பாலும் வடக்கிலிருந்துதான் வருகிறது. டெக்சாஸில் அதைக் கடையில் வாங்கலாம். மெக்சிகோவில் சட்டப்படி விற்கும் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல் பாசோவின் நிம்மதியைப் பாராட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஏனோ பார்ப்பதில்லை.

ஆனால் கும்பல் சண்டைக்கு முன்பே, 1993 முதல், ஹுவாரெஸில் பெண்கள் கொல்லப்படுவது வெளியே பேசப்பட்டது. அவர்களில் பலர் ஏற்றுமதி ஆலைத் தொழிலாளிகள். 2001 அக்டோபரில் 20 வயதுப் பெண் ஒருத்தி வேலைக்கு இரண்டு நிமிடம் தாமதமாக வந்தாள். கதவைத் திறக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவளைக் காணோம். அடுத்த மாதம் பருத்திக்காடு எனப்படும் காலிமனையில் எட்டுப் பெண்களின் உடல்கள் கிடைத்தன. அவளும் அதில் ஒருத்தி. காணாமல்போன பெண்களைத் தேடச்சொல்லிப் போன தாய்மாரிடம், காதலனோடு போயிருப்பாள் என்கிற தோரணையில் பேசியது போலீஸ். 2009இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் மெக்சிகோ அரசையே பொறுப்பாக்கியது.

எனக்கு இரண்டு கரைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. வடகரையில் கொன்றால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் கும்பல்காரனுக்கும் உண்டு. தென்கரையில் அது இல்லை.

எல் பாசோவிலும் ரத்தம் சிந்தாமல் இல்லை. 2019 ஆகஸ்ட் 3 அன்று டாலஸ் பக்கத்திலிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர் காரில் வந்த இளைஞன் வால்மார்ட் கடையில் சுட்டதில் 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் மெக்சிகோ குடிமக்கள். அந்த ஊர் பயந்துகொண்டிருந்தது தெற்கைப் பார்த்து. வந்தவன் சொந்த நாட்டுக்காரன். அன்றே பிடிபட்டான். 2023இல் 90 ஆயுள் தண்டனை. பருத்திக்காட்டு வழக்கிலோ இரண்டு பஸ் டிரைவர்களைப் பிடித்தார்கள். அடித்து வாக்குமூலம் வாங்கியதாக இருவருமே சொன்னார்கள். ஒருவர் சிறையிலேயே இறந்தார், மற்றவர் 2005இல் விடுதலையானார்.