ஹெலிகாப்டரை எங்கே வெட்டுவது?

ஹெலிபேட், ஹெலிபோர்ட், குவாட்காப்டர். இவற்றைக் கேட்டுப் பழகிய காதுக்கு, ஹெலிகாப்டர் என்பது ‘ஹெலி’யும் ‘காப்டரும்’ சேர்ந்த சொல் என்றுதான் படும். ஆங்கிலம் பேசுபவர்களுக்கும் அப்படியே பட்டது. அரைகுறைக் கிரேக்கம் தெரிந்தவர்கள் ‘ஹீலியோஸ்’ என்ற சூரியனையும் உள்ளே இழுத்துவிடுவார்கள். சூரியனுக்கு இதில் பங்கே இல்லை.

பிரிக்க வேண்டிய இடம் வேறு: ஹெலிகோ + ப்டர். முன்னது ‘ஹெலிக்ஸ்’, அதாவது திருகுச் சுருள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளுக்கும் அதே சொல்தான். பின்னது ‘ப்டெரோன்’, சிறகு. திருகிச் சுழலும் சிறகு என்பது எவ்வளவு பொருத்தமான பெயர்!

இந்தச் சொல்லைக் கட்டியவர் பிரான்ஸின் குஸ்தாவ் போன்தோன் தாமேகூர், 1861-இல். பழங்கால நாணய ஆராய்ச்சியில் பேர்பெற்ற பிரபு அவர். அப்போது புதுசாக இருந்த அலுமினியத்தையும் சேர்த்து, நீராவியில் இயங்கும் சிறு மாதிரி ஒன்றை 1863-இல் செய்துபார்த்தார். அது எழும்பவில்லை. அவருடைய கூட்டாளி லா லாந்தேல், முன்னாள் கடற்படைக்காரர், லத்தீனில் பறவையைக் குறிக்கும் ‘அவிஸ்’ஸிலிருந்து ‘ஏவியேஷன்’ என்ற சொல்லை உருவாக்கினார். கையில் பறக்கும் பொறி ஒன்றுகூட இல்லாத நண்பர்கள், பெயர்களை மட்டும் முன்கூட்டியே தயாராக வைத்துவிட்டார்கள். சிகோர்ஸ்கி என்பவரின் விஎஸ்-300 ஹெலிகாப்டர் அமெரிக்காவில் தரையைவிட்டு எழும்பியது 1939-இல்.

சொல் தவறான இடத்தில் முறிந்ததற்குக் காரணம் நாக்கு. ‘ப்ட’ என்று ஒரு அசையைத் தொடங்குவது ஆங்கிலத்துக்கு ஆகாது. டெரோடாக்டைல் என்ற பழம்பிராணியின் பெயரிலும் இதே சிறகு உண்டு. அங்கே முதலில் நிற்கும் ‘ப்’பை எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள். ஹெலிகாப்டரிலோ அந்த ‘ப்’ முந்தைய அசையோடு போய் ஒட்டிக்கொண்டது; ‘காப்டர்’ பிறந்தது. ஹாம்பர்க் நகரத்துப் பண்டமான ஹாம்பர்கரை உடைத்து ‘பர்கர்’ எடுத்த மொழிதானே. எனக்கு இதில் புகார் இல்லை. ஹெலிகோபேட் என்று யார் சொல்லிக்கொண்டிருப்பது?

கொரியப் போர்க்காலத்து அமெரிக்கப் படைவீரர்கள் இந்த வம்பே வேண்டாமென்று ‘சாப்பர்’ என்றார்கள். இலங்கைத் தமிழில் உலங்கு வானூர்தி. உலங்கு என்றால் கொசு.

ஒடிந்துபோன அந்தச் சிறகுக்கு நம் பக்கமும் உறவு உண்டு. கிரேக்க ‘ப்டெரோன்’ பிறந்த அதே பழைய வேரிலிருந்துதான் சமஸ்கிருதத்தின் ‘பத்’, பறத்தல், வந்தது. அதிலிருந்து ‘பத்ர’: முதலில் சிறகு, பிறகு இலை, பிறகு எழுதும் ஏடு. தமிழுக்கு வந்தபோது அது பத்திரமாகவும் பத்திரிகையாகவும் இருந்தது. ஆங்கிலத்தில் இறகைக் குறிக்கும் ‘ஃபெதர்’ அதே குடும்பம். லத்தீனின் ‘பென்னா’ என்ற இறகின் வழி வந்த ‘பென்’னும் அப்படித்தான்.