செருப்பு விலையில் சேராத செலவு

உளுந்தூர்பேட்டையில் இப்போது காலணித் தொழிற்சாலை என்றாலே வேலைவாய்ப்புப் பேச்சுதான். 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமம் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2,302 கோடி ரூபாய் முதலீடு, சுமார் 20,000 பேருக்கு வேலை. இடம், எங்க ஊர் சிப்காட். மானம் பார்த்த பூமியில் இது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை.

இங்கே வருவது தோல் அல்லாத காலணி. அதாவது தோல் பதனிடும் வேலை கிடையாது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் பாலாற்றுக் கரையின் ஐம்பது வருட வரலாறு இருக்கிறது. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனாலும் சில மாதங்களாக இந்தக் கதையைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

பழைய முறையில் தோலை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தினார்கள். நம்ம கல்வராயன் மலையில் மலையாளி மக்கள் பொறுக்கிச் சேர்க்கிறார்களே, அதே கடுக்காய்தான். குரோமிய முறையை ஆல்பிரட் சாட்டர்டன் 1900-களின் தொடக்கத்திலேயே சென்னையில் சோதித்துப் பார்த்தார். ஆனால் அது ஊர் ஊராகப் பரவியதற்குப் பெரிய காரணம் அரசின் ஏற்றுமதிக் கொள்கை. 1972-ல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை அனுப்பாமல் முழுசாக முடித்த தோலையும் காலணியையும் அனுப்பினால் அந்நியச் செலாவணி கூடும் என்றது. கட்டுப்பாடுகள் வந்தன. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகள் மாறின. டாலர் வந்தது. உப்பும் குரோமியமும் நிலத்தடி நீருக்குப் போயின.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ் என்ற தகவல்களெல்லாம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கின்றன. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னது.

இந்தக் கொள்கையின் வேர் பொருளாதாரத்தில் இருக்கிறது. 1920-ல் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினார். ஆலை தன் கணக்கில் எழுதாத செலவை வேறு யாரோ சுமக்கிறார்கள், அந்தச் செலவுக்கு ஈடாக வரி போட்டால் விலை உண்மையைச் சொல்லும் என்றார். கிணறு கெட்டவன் லாரித் தண்ணீர் வாங்கும் காசும் அந்தச் செருப்பின் விலைதான். என்ன, ரசீதில் வராது.

நம்மூரில் இதை உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் சென்னைப் பொருளியல் கல்விக்கழகத்தின் பேராசிரியர் உ. சங்கர். தோல் ஆலைகளையும் சாயப் பட்டறைகளையும் வைத்து அவர் செய்த ஆய்வு 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நூலாக வந்தது. சிறிய ஆலை தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் கட்டுப்படியாகாது, பலர் சேர்ந்தால் லிட்டருக்கு ஆகும் செலவு இறங்கும். அதனால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். ஆனால் சாதாரண நிலையத்தால் தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரிக்க முடியாது. அதற்குச் சவ்வூடு வடிகட்டல் வேண்டும், மின்கட்டணம் ஏறும். கூட்டு நிலையமும் ஆபத்தில்லாதது இல்லை: 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துப் பேர் செத்தார்கள்.

இழப்பீட்டுக் கணக்குக்கு வருவோம். தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 குடும்பங்களுக்கு 26.82 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், குடும்பத்துக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்குள். உழவு மாடு ஒன்று வாங்கலாம், கிணற்றை மீட்க முடியாது. அந்தப் பணமும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30-ல்கூட உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அரசே கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. வழக்குப் போட்டு 34 வருஷம்!

இதில் எனக்குப் படுவது ஒன்று. நிலத்துக்குப் பட்டா இருக்கிறது, அதனால் நில இழப்பை எண்ண முடிகிறது. தோல் அரிப்போடு வேலைக்குப் போகாத கூலியின் நாளுக்குப் பட்டா இல்லை. நல்ல தண்ணிக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்கும் பெண்ணின் நேரத்துக்கும் இல்லை. சுகாதாரப் பொருளியல் இதையெல்லாம் எண்ணச் சொல்கிறது: மருத்துவச் செலவு, இழந்த கூலி, தண்ணீருக்குப் போகும் நேரம். எண்ணாத இழப்புக்கு எந்த ஆணையமும் காசு கொடுக்காது.

உளுந்தூர்பேட்டை பாலாறு ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை, தொழில் வேறு. ஆனாலும் தோல் இல்லாத காலணியிலும் பசை உண்டு, கரைப்பான் உண்டு, ரப்பர், பிளாஸ்டிக் கழிவு உண்டு. மென்பொருளில் மாற்றம் செய்வதற்கு முன் பழைய நிலையின் அளவை எடுத்து வைப்போம், பிறகு ஒப்பிட வேறு வழி இல்லை. பாலாற்றில் கணக்கு, கிணறு கெட்ட பிறகுதான் தொடங்கியது. இங்கே உற்பத்தி பெருகுவதற்கு முன்பே சுற்றுக் கிராமங்களின் கிணற்று நீரைச் சோதித்து, ஆரம்ப சுகாதார நிலையத்து நோய்ப் பதிவுகளைத் தொகுத்து, ஊராட்சி அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைக்கலாம். 2,302 கோடிக்கு முன்னால் அதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.