டாக்டர் ஹூவில் நிஜச் செய்தியாளர்கள்

பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான டாக்டர் ஹூ 1963-இல் தொடங்கியது. தொலைக்காட்சி முகங்களை அவர்களாகவே கதைக்குள் கொண்டுவரும் வழக்கத்தை 1966-இல் ஒளிபரப்பான ‘தி வார் மெஷின்ஸ்’ கதையில் தெளிவாகக் காணலாம். லண்டனில் அப்போது புதிதாகத் திறக்கப்பட்டிருந்த போஸ்ட் ஆபீஸ் டவருக்குள் இருக்கும் வோட்டன் என்னும் கணினி மனிதர்களை அடிமைப்படுத்துகிறது. அந்த ஆபத்தைச் செய்தியாக வாசிப்பவர் கென்னத் கெண்டல். 1955-இல் பிபிசி செய்தியில் முதன்முதலாகத் திரையில் முகம் காட்டி வாசித்தவர் அவரே. செய்திகளில் உண்மையைச் சொல்லிப் பழகிய குரலே கற்பனையையும் சொன்னபோது, அந்தக் கதைக்கு வேறெந்த ஒப்பனையாலும் கிடைத்திராத நம்பகத்தன்மை வந்தது. ஒரு வாசிப்பாளரும் ஒரு மேசையும் போதும் என்பதால் செலவும் குறைவு.

1972-இல் ‘டே ஆஃப் தி டாலெக்ஸ்’ கதையிலும் தொலைக்காட்சி முகமான அலெக்ஸ் மெக்கின்டாஷ் செய்தியாளராக வந்தார்.

2005-இல் ரஸ்ஸல் டி டேவிஸ் தொடரை மீண்டும் உயிர்ப்பித்தபோது இந்த உத்தி பெருகியது. ‘ஏலியன்ஸ் ஆஃப் லண்டன்’ பகுதியில், தேம்ஸ் நதியில் விண்கலம் விழுந்த பின் டவுனிங் தெரு நிலவரத்தை அரசியல் செய்தியாளர் ஆண்ட்ரூ மார் விவரிக்கிறார். அதே ஆண்டின் ‘பேட் உல்ஃப்’ இன்னும் துணிச்சலானது: தொகுப்பாளர்களான ஆன் ராபின்சனும் டவினா மெக்காலும் தங்கள் போட்டி நிகழ்ச்சிகளை எதிர்காலத்தில் நடத்தும் இயந்திரங்களுக்குக் குரல் கொடுத்தனர். அந்த நிகழ்ச்சிகளில் தோற்ற போட்டியாளர் ஒரு கதிரில் மறைந்துபோவார். தொலைக்காட்சியின் கொடுமையை அதன் சொந்தக் குரலாலேயே காட்டிய அந்தப் பகுதியே இவ்வழக்கத்தின் உச்சம். 2008-இல் ‘தி ஸ்டோலன் எர்த்’ பகுதியில் பால் ஓ'கிரேடி தம் சொந்த நிகழ்ச்சியை நடத்துபவராகவே தோன்றினார்.