சாம்பலின் வரலாறு

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்தில் பட்டனைத் தட்டினால் மோட்டார் ஓடும். 'கரண்டு வந்துதான் கமலை போச்சு' என்பார்கள் பெரியவர்கள். நம் ஊர்களின் நவீன வரலாறு இந்த வாக்கியத்தில் தொடங்குகிறது. கரண்டு எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை.

மாநிலம் முழுக்க ஒரே மின்கட்டமைப்பு. அதன் மறுமுனைகளில் ஒன்று எண்ணூர். அங்கே 1970இல் ஓர் அனல்மின் நிலையம் வந்தது. பக்கத்திலேயே 1994இல் வடசென்னை நிலையம். இந்திய நிலக்கரியை எரித்தால் 30 முதல் 40 சதவீதம் சாம்பலாக மிஞ்சும். வடசென்னை நிலையம் அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறது. குழாய் கசிந்து கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்தது. இறாலும் நண்டும் அத்துப் போச்சு என்கிறார்கள் மீனவர்கள். சாம்பலில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் எல்லாம் உண்டு. குட்டை காய்ந்தால் பறக்கும் நுண்தூள் நுரையீரலுக்குள் இறங்கும்.

எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அது 450 மெகாவாட் என்பது ஏட்டில் இருக்கிறது. ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் இருளரின் மூச்சு எந்த ஏட்டில் இருக்கிறது? 'பாதிக்கப்பட்டோர்' என்ற ஒற்றைச் சொல்லில் அவர்களை அடக்கிவிடுகிறோம், நாமும்தான்.

மின்சாரத்தின் வரலாற்றை இனிச் செப்பாக்கத்திலிருந்து எழுதிப் பார்க்கலாம். அப்போது நம்ம ஊர் மோட்டார்ச் சத்தமும் வேறு மாதிரி கேட்கும்.