முன்கூட்டியே சுருக்கிய கோப்புகளின் வரலாறு

யூனிக்ஸின் கம்ப்ரெஸ் நிரல் காப்புரிமைச் சிக்கலுக்கு உள்ளானதால், அதற்கு மாற்றாக ழான்-லூ கையியும் மார்க் ஆட்லரும் 1992-இல் ஜிசிப்பை உருவாக்கினர். உலாவி தனக்குப் புரியும் சுருக்க முறைகளைக் கோரிக்கையிலேயே தெரிவிப்பதை 1997-இல் வெளியான எச்டிடிபி 1.1 நெறிமுறை ஒழுங்குபடுத்தியது.

இதன்படி சர்வர் கோப்புகளைச் சுருக்கி அனுப்பலாம் என்றாலும், ஒரே கோப்பைக் கோரிக்கைதோறும் சுருக்கினால் சர்வரின் செயலித்திறன் வீணாகும். இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்ற இணைய சர்வர் மென்பொருள், பின்னர் இதற்கொரு தீர்வைச் சேர்த்துக்கொண்டது. 'ஜிசிப் ஸ்டேட்டிக்' அமைப்பை இயக்கினால், மூலக் கோப்பின் அருகில் முன்கூட்டியே சுருக்கி வைத்த '.ஜிஇசட்' நகலை அது அப்படியே அனுப்பும்.

ஒருமுறை சுருக்கினால் போதும் என்பதால் நேரம் பிடிக்கும் முறைகளும் பயன்பட்டன. கூகுள் 2013-இல் ஸாப்ஃப்லி என்ற சுருக்க நிரலை வெளியிட்டது. கூகுளின் ப்ராட்லி சுருக்க முறை 2016-இல் ஆர்எஃப்சி 7932 ஆவணமாக வெளிவந்தது. அடிக்கடி மாறாத உரைக்கோப்புகளுக்கு முன்சுருக்கமே சிக்கனமான வழி.